நீலன் ஆண்ட தொட்டி

பெர்னதெத் சின்ன வயதிலிருந்தே பராக்குப் பார்ப்பவள். பள்ளியில் சிஸ்டர் கேள்வி கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு நீடிக்கும் நேரத்தில்தான் அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து இறங்கி வகுப்புக்குள் வந்து சேருவாள். பெரியவளான பிறகும் இது போகவில்லை. தொம்மலூரில் இறங்க வேண்டியவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மூன்று ஸ்டாப் தாண்டிப் போய்விட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி நடந்து வருவாள். வழியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதோ பார்த்திருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையும் பொருத்தமாகத்தான் இருந்தது. அல்சூர் பக்கம் டாக்டர் மமதா நடத்திய குழந்தைகள் பல் கிளினிக்கில் முன்மேஜை வேலை. மேஜைக்கு எதிரே சுவரோரமாக நான்கடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. உள்ளே பாறை பாறையாக அடுக்கி, அதற்கிடையே நீலமும் மஞ்சளும் துருச்சிவப்புமாகக் கையகல மீன்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியிலிருந்து வந்த வம்சம், சிக்லிட் என்று பெயர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல் பிடுங்கும் பயத்தில் அழுதுகொண்டு வரும் குழந்தைகளை பெர்னதெத் அந்தக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். "அந்த நீலம் எந்தக் கல்லுக்குப் பின்னாடி போச்சுன்னு எனக்குக் காட்டு பாக்கலாம்" என்பாள். அழுகை பாதியில் நின்றுவிடும். இப்படியே இருபது வருடம் ஓடிப்போனது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் ஏங்கினாள் என்றும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டும் என்று சொல்வதற்குள் வந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள்.

பிறகு டாக்டர் மமதா மகளோடு இருக்க வெளிநாடு கிளம்பினார். கிளினிக்கில் நாற்காலிகள் போயின, எக்ஸ்ரே மெஷின் போனது. தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"நீவே தகொண்டு ஹோகி, பெர்னதெத். நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்கள விட்டா இதுங்கள யாரு பாப்பாங்க?" என்றார் டாக்டர்.

பெர்னதெத் வழக்கம்போலச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தொட்டி அவளுடையதாகிவிட்டது.

தொம்மலூரில் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் பழைய ஊருக்குள், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்தில் அவள் வீடு. ஒரு ஹால், ஒரு உள்ளறை, ஒரு சமையலறை. ஹாலில் திவானில் படுத்துக்கொண்டிருந்தவன் தம்பி ஜாய்சன். பொம்மனஹள்ளியில் மனைவியோடு ஒத்துவராமல் ஒரு சூட்கேஸோடு அக்காவிடம் வந்தவன். ஐ.டி. ஆபீஸ் ஆட்களை இரவெல்லாம் காரில் ஏற்றி இறக்குவது அவன் வேலை. விடிந்ததும் வந்து, சாயங்காலம் வரை தூங்குவான்.

தொட்டியை டெம்போவில் கொண்டுவந்த அன்று நல்ல மழை. மீன்களை ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பைகள் மடியில் துடித்தன. பயணத்திலேயே பாதிக்கு மேல் செத்துப்போயின. மிஞ்சியவை நான்கு மஞ்சள், துருச்சிவப்பில் ஒன்று, பெயர் தெரியாத வெளிர் நிறத்தில் ஒன்று, பிறகு அந்த நீலம். உடம்பெல்லாம் மின்னும் நீலம், மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள். கிளினிக் குழந்தைகளுக்குக் காட்டிய அதே மீன். அவள் மனதுக்குள் அதற்கு எப்போதோ நீலன் என்று பெயர் வைத்திருந்தாள்.

முதல் சில நாட்கள் சொப்பனம் மாதிரி இருந்தன. வேலையில்லை; எங்கும் போக வேண்டியதில்லை. விளக்கைப் போட்டால் ஹால் சுவர் முழுக்கத் தண்ணீரின் நிழல் அசையும். மாதா படத்தின் மேலும், காலண்டரின் மேலும், தூங்கும் தம்பியின் முகத்தின் மேலும் அது நெளிந்து நெளிந்து போகும். வெளியே மழை பெய்யும். பெர்னதெத் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். ஒருநாள் மத்தியானம் அங்கேயே கண்ணயர்ந்து, தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிரம்பிக் கிடப்பதாகவும், அதற்குள் பஸ்கள் சத்தமில்லாமல் நீந்திப் போவதாகவும் கனவு கண்டாள். விழித்த பிறகும் சற்று நேரம் அந்தப் பஸ்களில் ஒன்றுக்காகக் காத்திருந்தாள்.

அந்தச் சொப்பனத்தைக் கலைத்தவன் நீலன்தான்.

தொட்டியின் நடுவில் இருந்த பெரிய பாறையை அவன் எடுத்துக்கொண்டான். பிறகு இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும். ஒரு சின்ன மஞ்சளை மட்டும் குறிவைத்துத் துரத்தினான். அது போகிற பக்கமெல்லாம் முன்னால் வந்து நின்றான். துடுப்பு கிழிந்து, செதில் உதிர்ந்து, அந்த மஞ்சள் மேல் மூலையில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தலைகீழாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெர்னதெத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வலையால் அதை எடுத்து வாளியில் விட்டாள். நீலன் தொட்டி முழுக்க ஒரு சுற்று சுற்றித் தேடினான். பிறகு வெளிர் நிற மீனைத் துரத்த ஆரம்பித்தான். மறுநாள் அது மிதந்தது.

கிளினிக்கில் இத்தனை வருடம் இப்படி நடந்ததேயில்லையே என்று அவளுக்குப் புரியவில்லை. துணையில்லாமல்தான் இப்படி ஆகிவிட்டானோ என்று நினைத்து, சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போய் அவன் அளவுக்கே இருந்த ஒரு ஆரஞ்சு மீனை வாங்கி வந்தாள். பையைப் பிரித்து விட்டதும் நீலன் நின்று பார்த்தான். உடம்பின் நீலம் கறுத்துக் கனமானது. அவ்வளவுதான். காலையில் பெர்னதெத் ஆரஞ்சு மீனைச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தாள்.

திரும்பவும் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாகேஷ், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நோடி மேடம், பாருங்க, நீங்க தொட்டில மீன் கம்மி வெச்சிருக்கீங்க. அதான் பேஜாரு."

"கம்மியா இருந்தா எடம் ஜாஸ்தியா இருக்குமே?"

"எடம் ஜாஸ்தியா இருந்தா அவனுக்கு ராஜ்ஜியம் ஜாஸ்தி. அஞ்சு மீனு இருந்தா ஒருத்தனக் குறி வெச்சு அடிப்பான். இருபது இருந்தா யார அடிக்கறதுன்னு அவனுக்கே தெரியாது. அடி எல்லாருக்கும் பங்காயிடும், யாரும் சாக மாட்டாங்க."

பெர்னதெத் யோசித்தாள். கிளினிக்கில் தொட்டி நிறைய மீன்கள் இருந்தன என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு ஒண்ணா விடாதீங்க. மொத்தமா விடுங்க. அதுக்கு முன்னாடி அவனப் பிடிச்சு ஒரு வாரம் வாளில போடுங்க. உள்ள இருக்கற கல்லு எல்லாம் எடுத்து வேற மாதிரி அடுக்குங்க. பழைய வீடு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. திரும்பி வர்றப்போ அவனும் புதுசு, எல்லாரும் புதுசு. பொந்து மட்டும் நெறைய வேணும், ஒவ்வொருத்தனுக்கும் ஒளிய ஒரு சந்து. ஆண் ஒண்ணு, பொண்ணு நாலு அஞ்சு, அந்தக் கணக்குல நானே எடுத்துக் குடுக்கறேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போலக் கேட்டார். "என்னா தண்ணி ஊத்தறீங்க?"

"எங்க போர்வெல் தண்ணிதான். பாத்திரமெல்லாம் வெள்ளையா உப்புப் படியும்."

"இந்த மீனுக்கு அதான் சொர்க்கம்" என்று சிரித்தார் நாகேஷ். ஊரெல்லாம் திட்டுகிற தண்ணீரை ஒருவர் புகழ்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மீன்களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் ஏதோ குறைந்தது. என்னவென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது: சத்தம். காற்று மோட்டாரும் ஃபில்டரும் நின்றிருந்தன. மீன்களெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நீலன்கூட. ஜாய்சன் திவானில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியதும் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நீதான் நிறுத்தினியா?"

"ஆமாக்கா. ராத்திரி பூரா ஸ்டீயரிங் பிடிச்சுட்டு வர்றேன். வந்து படுத்தா காதுக்குள்ள இது கொர்ருனு ஓடுது. எத்தன நாளைக்குத் தூங்காம வண்டி ஓட்டறது?"

"அதுங்க செத்துப் போயிருக்கும், ஜாய்சா."

"நான் செத்தா பரவால்லயா?"

சொன்ன பிறகு அவனுக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பெர்னதெத் சமையலறைக்குப் போய், சமைப்பதற்கு ஒன்றுமில்லாமல் அடுப்புக்கு எதிரே நின்றாள். அவன் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. தன்னுடைய மீன்கள் மேலும் தப்பில்லை. ஹால்தான் போதவில்லை.

அன்று சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் உள்ளறையிலிருந்த தன் கட்டிலைக் காலி செய்தாள். புடவைகளையும் ஜெபமாலையையும் எடுத்து ஹாலுக்குக் கொண்டுவந்தாள். அவன் சூட்கேஸை உள்ளே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவன் துண்டோடு வந்து வாசலில் நின்றான்.

"என்னாக்கா இது?"

"நீ உள்ள படு. கதவ சாத்திக்கோ, சத்தம் கேக்காது. நான் இங்க படுத்துக்கறேன்."

"அது உன் ரூமுக்கா."

"எனக்கு இதான் புடிச்சிருக்கு" என்றாள். அது உண்மையும்கூட.

ஜாய்சன் தலையைத் துவட்டி முடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மறுநாள் காலை வரும்போது காரின் டிக்கியில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள். அங்கிருந்து உடைந்த மங்களூர் ஓடுகளும் கருங்கல் துண்டுகளும் கேட்டு வாங்கி வந்திருந்தான். "நேத்து போன்ல அந்த மீன் கடைக்காரர்கிட்ட பொந்து பொந்துன்னு சொல்லிட்டிருந்தியே" என்றான்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஓடுகளின் கூர்முனைகளைத் தரையில் தேய்த்து மழுக்கினார்கள். நீலனைப் பிடிப்பதுதான் பாடாக இருந்தது. வலை உள்ளே போனாலே பாறைக்குள் மறைந்துவிடுவான். கடைசியில் எல்லாக் கல்லையும் வெளியே எடுத்த பிறகு, ஒளிய இடமில்லாத வெறும் தண்ணீரில், தொட்டி நடுவில் அசையாமல் நின்றான். பட்டைகள் வெளுத்திருந்தன. பெர்னதெத் அவனை இன்னொரு வாளிக்கு மாற்றி, ஒரு காற்றுக்குழாயையும் போட்டு, மேலே தட்டைக் கவிழ்த்தாள். பிறகு அக்காவும் தம்பியும் முழங்கை வரை நனைந்தபடி, கருங்கல் மேல் ஓடு, ஓட்டின் மேல் கல் என்று முன்பிருந்த சாயலே தெரியாமல் அடுக்கினார்கள். ஜாய்சன் ஒரு மூலையில் குகை மாதிரி ஒன்று கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"டூப்ளெக்ஸ் வீடு" என்றான்.

சாயங்காலம் நாகேஷ் கடையிலிருந்து கொண்டுவந்த புது மீன்களை, விளக்கை அணைத்த பிறகு தொட்டிக்குள் விட்டார்கள். இருட்டிய தண்ணீருக்குள் நிறங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் காணாமல் போயின. மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் ஹால் திருவிழா மாதிரி ஆனது. எல்லோரும் எல்லோரையும் துரத்தினார்கள். ஆனால் துரத்தல் இரண்டு சாணில் முடிந்துவிடும், வேறு யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். எந்த மீனும் மூலையில் ஒட்டிக் கிடக்கவில்லை. குழாய்க்குப் பின்னால் கிடந்து, வாளியில் தேறியிருந்த சின்ன மஞ்சளையும் உள்ளே விட்டாள். அது ஜாய்சனின் டூப்ளெக்ஸின் மேல்மாடியைப் பிடித்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து நீலன் திரும்பினான். விட்டதும் நேராக நடுவுக்குப் போனான். அங்கே அவன் பாறை இல்லை. ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு துருச்சிவப்பு மீன் அவனை இடித்துவிட்டுப் போனது. நீலன் திரும்பித் துரத்தினான், வழியில் இன்னொன்று வந்தது, அதைத் துரத்தினான், முதல் மீன் எது என்று தெரியாமல் நின்றான். பெர்னதெத் மோடாவில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் வலது ஓரத்தில் ஒரு ஓட்டுத் துண்டு அவனுடையதாகியிருந்தது. அதற்கு மேல் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹாலில் தூங்குவது அவளுக்குப் பிடித்துப்போனது. படுக்கையிலிருந்து பார்த்தால் தொட்டி அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். கண்ணை மூடும் முன்னும் தண்ணீர், திறந்த பின்னும் தண்ணீர். நடுவில் வருகிற கனவும் பெரும்பாலும் தண்ணீர்தான். எது எங்கே தொடங்குகிறது என்று அவள் பிரித்துப் பார்க்க முயலவில்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு அந்தச் சின்ன மஞ்சள் சாப்பிடுவதை நிறுத்தியது. தீவனம் போட்டால் எல்லாம் மேலே பாய்ந்து வரும். அது மட்டும் மாடியில் உட்கார்ந்திருக்கும். தொண்டை வீங்கியிருந்தது. வாயை எதையோ மெல்வது போல அசைத்துக்கொண்டேயிருந்தது. உடம்பு மெலிந்து கத்தி மாதிரி ஆனது.

"சீக்குக்கா" என்றான் ஜாய்சன். "மத்ததுக்கு ஒட்டிக்கப் போவுது. எடுத்துரு."

அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் அதன் கண்ணில் சீக்கு தெரியவில்லை. "பாப்போம்டா" என்றாள். இரண்டு வாரத்துக்கு மேல் அது ஒரு துணுக்குத் தீவனம் தொடவில்லை. பெர்னதெத் தினமும் ஜெபத்தில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஹெப்பகோடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போன அன்று, வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களோடு அவளும் காத்திருந்தாள். போன் அடித்தது. ஜாய்சன். அந்த நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவன்.

"அக்கா! அக்கா, அதோட வாயிலருந்து குட்டி வருதுக்கா!"

"எதோட வாயி?"

"அந்த மஞ்சளு! தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். வாயத் தொறந்துச்சு, கொசு மாதிரி ஒண்ணு வெளிய வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாம் மஞ்சளுக்கா, கண்ணு மட்டும் பெருசா இருக்கு!"

பெர்னதெத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இத்தனை நாள் பசியோடு கிடந்து அது வாய்க்குள் வைத்திருந்தது அதன் பிள்ளைகளைத்தான்.

"நீலன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

"பாத்துட்டான்க்கா. வர்றான். ஐயோ, எல்லாமே வருதுங்க!"

"சமையல் மேடை மேல காய்கறி வடிகட்டற பிளாஸ்டிக் கூடை இருக்கு பாரு. அத எடுத்து மஞ்சள அதுக்குள்ள ஓட்டு. மேல் ஓரமா கட்டி வுடு. கைய மெதுவா வுடு, ஜாய்சா. பயமுறுத்தாத."

போனைக் கீழே வைத்துவிட்டான் போல. தண்ணீர் அலம்பும் சத்தம், பிறகு ஒரு அலறல்.

"என்னடா?"

"விரலக் கடிச்சுட்டான் உன் நீலன்! இரு... இரு... அக்கா, ஒரு அதிசயம் பாரு. வெளிய வந்த குட்டிங்க எல்லாம் திரும்பி அதோட வாய்க்குள்ளயே போவுது! தொறந்து வெச்சிருக்கு, எல்லாம் ஓடி உள்ள போவுது!" அவன் குரல் இறங்கியது. "உள்ள போயிடுச்சுங்க. மூடிக்கிச்சு. கூடைக்குள்ள வந்துடுச்சு. எல்லாரும் இருக்காங்க."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பெர்னதெத் எழுந்து போனாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். அழுகிற குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டதும், அதற்கு அவள் நெடுநேரம் பேசியதும் மட்டும் ஞாபகம் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஜாய்சன் மோடாவில் உட்கார்ந்திருந்தான். விரலில் பிளாஸ்திரி. தூக்கமில்லாத கண்கள். கூடைக்குள் மஞ்சள் நீந்திக்கொண்டிருக்க, அதன் தாடைக்குக் கீழே மஞ்சள் புள்ளிகள் மிதந்தன. அவன் அவளைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தான். சத்தம் போடாதே என்பது போல. மோட்டார் தன் பாட்டுக்குக் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பெர்னதெத் காலையில் பஸ் ஏறி, ஓசூர் ரோடு நெரிசலில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டு, ஹெப்பகோடியில் சரியான ஸ்டாப்பில் இறங்கப் பழகியிருக்கிறாள். பகலில் தொட்டியைப் பார்த்துக்கொள்வது ஜாய்சன். எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறான். வளர்ந்த குட்டிகளில் பாதியை நாகேஷிடம் கொடுத்தார்கள். மீதி இங்கேயே இருக்கின்றன. யாராவது ஒருவன் அளவுக்கு மீறி ஆட ஆரம்பித்தால் அக்காவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை கல்லை மாற்றி அடுக்குகிறார்கள். இதற்கு இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படுவதில்லை.

குட்டிகள் பிறந்த பிறகு நீலன் இரண்டு வருடம் இருந்தான். கடைசியில் அவன் நிறம் சாம்பலாக மங்கியது. இளசான ஒரு ஆண் மஞ்சள் வந்து அவனுடைய ஓட்டுத் துண்டைக் கேட்டது. ஒரு மாலை, வாசலில் மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தபோது பெர்னதெத் அதைப் பார்த்தாள். அவனுக்காகக் கல்லை நகர்த்தலாமா என்று யோசித்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள். நீலன் ஓட்டிலிருந்து விலகி மெல்ல வந்து, அவள் உள்ளங்கைக்கு அருகே நின்றான். கடிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கை அசையாமல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜாய்சன் வேலைக்குக் கிளம்பிக் கதவருகே வந்து, அவளைக் கூப்பிட வாயெடுத்து, பிறகு கூப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.